எதிர்ப்பு சக்தி குறைவால் வருவதல்ல: குழந்தை மூட்டுவாதம், எங்கள் அனுபவங்கள்

திருச்சியிலிருந்து ஒரு அம்மா

மகளுக்கு வலது முழங்கால் வீங்கியபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி கம்மி." சத்து மாவு, சூரணம், லேகியம் என்று வீட்டில் வந்து குவிந்தன. காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடப்பாள். வெயில் ஏறியதும் ஓடி விளையாடுவாள். அதைப் பார்த்து, பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறாள் என்றுகூடச் சொன்னார்கள்.

மூட்டுவாதத்துக்காகப் பார்க்கும் ரத்தச் சோதனையான ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ் என்பதால் முதலில் பார்த்த மருத்துவர் மூட்டுவாதம் இல்லை என்றார். ஆனால் இந்த நோய் வரும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது நெகட்டிவாகத்தான் இருக்கும். 16 வயதுக்குள் தொடங்கி, 6 வாரமாவது நீடித்து, வேறு காரணம் எதுவும் அகப்படாத மூட்டு வீக்கமா என்றுதான் பார்க்க வேண்டும்.

குழந்தைகளுக்கான மூட்டுநோய் மருத்துவர் முட்டியிலிருந்து நீர் எடுத்தார். மஞ்சளாக, சற்றுக் கலங்கலாக இருந்தது. "கிருமி எதுவும் இல்லைம்மா, வெள்ளை அணுக்கள்தான் நிறைய இருக்கு" என்றார். வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள் மூட்டின் உள்சவ்வில் வந்து கூடி, டிஎன்எஃப் போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் பெருகக் காரணமாகி, வீக்கத்தை விடாமல் வைத்திருக்கின்றன. இவற்றை அடக்க வேண்டிய ஒழுங்குபடுத்தும் டி செல்களும் அதே மூட்டில் இருக்கின்றன; ஆனால் மற்றவை அவற்றுக்கு அடங்குவதில்லை. ஆக, இங்கே சக்தி குறையவில்லை, அடங்காமல் போயிருக்கிறது. அன்றோடு லேகியத்தை நிறுத்தினேன்.

ஏஎன்ஏ என்ற இன்னொரு ரத்தச் சோதனை பாசிட்டிவ். அப்படி இருந்தால் கண்ணுக்குள்ளும் அழற்சி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் 3 மாதத்துக்கு ஒருமுறை ஸ்லிட் லேம்ப் என்ற கருவியால் கண் சோதனை. கண் சிவக்கவில்லை, வலியும் இல்லை; ஆனாலும் உள்ளே அழற்சி இருந்தது. தயவுசெய்து இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இப்போது கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து மட்டும் போதாது, டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் அடாலிமுமாப் ஊசியும் தொடங்கலாம் என்கிறார்கள். போட்டவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

கோவையிலிருந்து ஒரு அப்பா

என் மகனுக்கு வந்தது உடல் முழுவதையும் பாதிக்கும் வகை. தினமும் சாயங்காலம் காய்ச்சல் ஏறும், கூடவே நெஞ்சில் இளஞ்சிவப்புத் தடிப்பு. காய்ச்சல் இறங்கினால் தடிப்பும் மறைந்துவிடும். டைபாய்டு, டெங்கு எல்லாம் பார்த்து, ரத்தப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய எலும்பு மஜ்ஜை வரை எடுத்தார்கள்.

இந்த வகையில் டி செல்களைவிட மோனோசைட், மேக்ரோஃபேஜ் போன்ற முதல்கட்டப் பாதுகாப்பு செல்கள்தான் முன்னால் நிற்கின்றன. அவை ஐஎல்-1, ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதங்களை அளவில்லாமல் சுரக்கின்றன. அதனால்தான் இவனுக்கு ஐஎல்-6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்து. பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்குக் கேட்ட மருந்து இவனுக்கும் கேட்கும் என்று நினைக்க முடியாது.

ஒரு கட்டத்தில் மேக்ரோஃபேஜ்கள் கட்டுமீறி ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கின. காய்ச்சல் இறங்கவே இல்லை. பிளேட்லெட் சரிந்தது, ஃபெரிட்டின் என்ற ரத்தப் புரதம் ஆயிரக்கணக்கில் ஏறியது. அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் அளவு மட்டும் குறைந்தது! அதை மட்டும் பார்த்தால் குணமாகிறது போலத் தெரியும். ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் தீர்ந்துபோவதால்தான் அது குறைகிறது என்று மருத்துவர் அன்று இரவே ஐசியுவில் சேர்த்தார். அதனால்தான் பிழைத்தான். இந்த வகை இருக்கிற வீடுகளில் இந்த அறிகுறிகளை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள்.

கல்லூரி மாணவி, சிறு வயதிலிருந்தே இந்த நோய் உள்ளவள்

திருச்சி அக்காவுக்கு: அடாலிமுமாப் நான் போடுகிறேன். தொடங்கும் முன் டிபி சோதனை செய்தார்களா? டிபி கிருமியை உடம்பு மூலையில் கட்டிப் போட்டு வைப்பதற்கும் இதே டிஎன்எஃப்தான் வேண்டும். மருந்து அதைத் தடுத்தால் கிருமி வெளியே வரலாம். நம்ம ஊரில் இது முக்கியம். எம்எம்ஆர் மாதிரி உயிருள்ள தடுப்பூசி ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், ஊசியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள் அக்கா, எரிச்சல் குறைவாக இருக்கும்.