டிவியின் ஒப்டிகல் ஓட்டையிலிருந்து பழைய அம்பிளிபயருக்கு: சில படங்களுக்கு மட்டும் சத்தம் இல்லை

கொக்குவில் பொடியன்:
வணக்கம். அப்பாவின் பழைய சன்சுயி ஸ்டீரியோ அம்பிளிபயர் இன்னும் நன்றாகப் பாடுகிறது. புதிதாக வாங்கிய டிவியில் சிவப்பு வெள்ளை ஓடியோ அவுட் இல்லை, சத்தத்தை வெளிச்சமாக அனுப்பும் ஒப்டிகல் ஓட்டை மட்டும்தான். கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில், அந்த டிஜிட்டல் சத்தத்தைச் சாதாரண ஓடியோவாக மாற்றும் சின்னக் கன்வேர்ட்டர் பெட்டி வாங்கி, அதிலிருந்து அம்பிளிபயரின் ஆக்ஸ் என்ற ஓட்டைக்குச் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ வயர் கொடுத்தேன். கேபிள் சனல்களுக்குச் சத்தம் வருகிறது. பென்டிரைவில் படம் போட்டால் சிலதுக்குச் சரசரவென்று இரைச்சல், சிலதுக்கு ஒன்றுமே இல்லை. கடையில் கேட்டால் "அம்பிளிபயர் பழசு, மாத்துங்கோ" என்கிறார்கள். அப்பா விடமாட்டார். போனோ என்ற இடத்தில் மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாமா?

வால்வு ரேடியோ:
தம்பி, போனோவில் மட்டும் கொடுக்காதீர்கள். அது இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் சிக்னலுக்கானது. கன்வேர்ட்டர் 2 வோல்ட் அளவில் தரும், அங்கே கொடுத்தால் காது கிழியும். ஆக்ஸ் சரி. டியூனர், டேப் இன் என்றாலும் ஒன்றுதான்.

அம்பிளிபயரில் பிழையே இல்லை. ஒப்டிகல் வயரில் சத்தம் இரண்டு விதமாகப் போகலாம். பிசிஎம், அதாவது சுருக்காத டிஜிட்டல் சத்தம் என்றால் எந்தக் கன்வேர்ட்டரும் வாசிக்கும். டொல்பி டிஜிட்டல் என்றால் சுருக்கிக் கட்டிய பொதி, அதை அவிழ்க்கிற டிகோடர் மலிவான பெட்டிகளில் இருக்காது. அவிழ்க்காமல் அப்படியே சத்தமாக்கப் பார்க்கும்போதுதான் அந்தச் சரசரப்பு. டிவியில் சவுண்ட் செற்றிங்கிற்குள் டிஜிட்டல் ஓடியோ அவுட் என்று இருக்கும். ஓட்டோவில் நிற்கும், பிசிஎம் ஆக்குங்கோ. அப்புறம் டிவியே அவிழ்த்து ஸ்டீரியோவாகத் தரும்.

சுன்னாகம் சவுண்ட்:
ஓம், அதுதான். மாற்றிய பிறகும் ஏதாவது படம் ஊமையாக ஓடினால், டிவியின் சொந்த ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் சத்தம் இல்லையென்றால் அது டிடிஎஸ்ஸாக இருக்கலாம், டொல்பி மாதிரிச் சத்தத்தைச் சுருக்கும் இன்னொரு முறை. சில டிவிகளுக்கு டிடிஎஸ் அவிழ்க்கத் தெரியாது. அதற்குக் கன்வேர்ட்டரை நோவதில் பயனில்லை.

கொக்குவில் பொடியன்:
அண்ணை, பிசிஎம் போட்டேன், எல்லாப் படமும் பேசுகிறது! ஆனால் படம் ஓடாத நேரத்திலும் அடியில் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். கன்வேர்ட்டருக்குக் கரண்ட் டிவியின் யுஎஸ்பியிலிருந்துதான் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று, டிவி ரிமோட்டில் சத்தம் கூட்டிக் குறைக்க முடியவில்லை. அம்மா சீரியலுக்கு விளம்பரம் வரும்போதெல்லாம் எழும்பிப் போய்க் குமிழைத் திருகுகிறா.

வால்வு ரேடியோ:
ரீங்காரத்துக்குக் காரணம் அந்த யுஎஸ்பி வயராகத்தான் இருக்கும். ஒப்டிகலில் போவது வெறும் சிவப்பு வெளிச்சம். வயரின் ஒரு முனையைக் கழற்றிச் சுவருக்கு நேரே பிடித்தால் சின்னப் புள்ளியாகத் தெரியும். செம்பு இல்லாததால் டிவிக்கும் அம்பிளிபயருக்கும் மின் தொடர்பே இருக்காது. நீங்கள் யுஎஸ்பியால் அந்தத் தொடர்பைத் திரும்பவும் கட்டிவிட்டீர்கள். கேபிள்காரரின் வயர் வழியே வருகிற எர்த்தும் அதில் சேர்ந்துவிடும். கேபிள் வயரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள், ரீங்காரம் நின்றால் அதுதான். பழைய போன் சார்ஜர் ஒன்றைக் கன்வேர்ட்டருக்குத் தனியாகக் கொடுங்கள். ஐப்பசி கார்த்திகை இடிமின்னல் நேரத்திலும் அது நல்லது, கேபிளில் வருகிற மின்னல் அம்பிளிபயர்வரை போக ஒரு வழி குறையும்.

சுன்னாகம் சவுண்ட்:
ரிமோட் விசயம்: பெரும்பாலான டிவிகளில் ஒப்டிகல் சத்தம் ஒரே அளவில்தான் வெளியே வரும். டிவியில் ஹெட்போன் ஓட்டை இருந்தால், ஒரு பக்கம் 3.5 மிமீ, மறுபக்கம் இரண்டு ஆர்சிஏ உள்ள வயரை வாங்கி ஆக்ஸில் கொடுங்கள். கன்வேர்ட்டரே தேவையில்லை, ரிமோட்டும் வேலை செய்யும். சுத்தம் கொஞ்சம் குறையலாம், சீரியலுக்கு அது போதும். இல்லையென்றால் ரிமோட்டோடு வருகிற கன்வேர்ட்டர்களும் உண்டு.

கொக்குவில் பொடியன்:
சார்ஜர் மாற்றினேன், ரீங்காரம் போய்விட்டது. ஹெட்போன் ஓட்டை இருக்கிறது. நாளைக்கு டவுனுக்குப் போய் வயர் வாங்குகிறேன், ஒப்டிகல் டியூனருக்கு மாறும், ஆக்ஸ் அம்மாவுக்கு.