'தேய்மானம்' வேண்டாம், 'தூர்வு' சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

பற்றரி பழசாகப் பழசாகக் குறைவாகச் சார்ஜ் பிடிப்பதற்குத் 'தேய்மானம்' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒட்டவில்லை. செருப்புத் தேயும், டயர் தேயும். பற்றரிக்குள் எதுவும் எதனோடும் உரசுவதில்லை. போதாததற்கு, இங்கே இலங்கையில் கணக்கீடு படித்த பிள்ளைக்குத் தேய்வு என்றால் பெறுமானத் தேய்வுதான் (சொத்தின் மதிப்பு வருடா வருடம் குறைவது) ஞாபகம் வரும்.

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு கடையில் என் போனைக் காட்டினேன். வீட்டில் நூறு காட்டும், 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிக் கோட்டையில் இறங்குவதற்குள் நாற்பதுக்கு வந்துவிடும். பெடியன் பின்மூடியைக் கழற்றி, பற்றரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணை, ஃபுல்லா ஏறுது, ஆனா ஃபுல்லே இப்ப கொஞ்சந்தான்" என்றான். இதைவிட நல்ல வரைவிலக்கணம் எனக்குத் தெரியாது.

தூர்ந்துபோன குளமும் இப்படித்தான். மாரிக்கு வான் பாயும் (நிரம்பி வழியும்), பார்த்தால் நிறைகுளம், ஆனால் அடியில் வண்டல் ஏறிக் கிடப்பதால் தண்ணீர் வயலுக்குக் காணாது.

உள்ளே நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். இலித்தியம் அயன் பற்றரியை முதல் தடவை சார்ஜ் பண்ணும்போதே மின்பகுபொருள் (உள்ளே இலித்தியம் அயன்கள் ஊடாக ஓடுகிற திரவம்) கொஞ்சம் சிதைந்து காரீய மின்வாயின் (எலெக்ட்ரோட்) மேல் மெல்லிய படலமாகப் படிகிறது (காரீயம் என்றது நம்முடைய போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் எடுக்கிற சாமான், தமிழ்நாட்டு நண்பர்கள் ஈயம் என்று நினைக்காமல் கிராஃபைட்டு என்று வாசிக்கவும்). அந்தப் படலம் வேண்டும், இல்லாவிட்டால் சிதைவு அடங்காது. ஆனால் அது வருடக்கணக்கில் தடித்துக்கொண்டே போகும், வெக்கையில் இன்னும் கெதியாக, எந்நேரமும் 4.2 வோல்ட்டில் நிரப்பியே வைத்திருந்தாலும் அப்படித்தான். தடிக்கத் தடிக்க, அங்குமிங்கும் ஓடவேண்டிய இலித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உவமையில் ஓட்டை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். குளத்துக்குச் சேறு வெளியிலிருந்து வரும், இங்கே தண்ணீரே சேறாகிறது. தூர் வாரவும் வழியில்லை. ஆனாலும் வினைச்சொல் கையோடு கிடைக்கிறதே: 'பற்றரி தூர்ந்துவிட்டது', '20 சதவீதம் தூர்ந்தால் மாற்றலாம்'. சும்மா வைத்திருக்கச் சார்ஜ் இறங்குவதற்குக் 'கசிவு' என்று வைத்தால் இரண்டும் குழம்பாது. கசிந்தது திரும்பச் சார்ஜ் பண்ண வந்துவிடும், தூர்ந்தது வராது.

நீட்டி எழுதுவதானால் 'கொள்ளளவுத் தூர்வு'. தயவுசெய்து 'கொள்ளளவம்' என்று போட்டுவிடாதீர்கள், அது ஏற்கெனவே கொள்ளளவிக்கு (கப்பாசிற்றர்) உரிய அளவின் பெயராகப் போய்விட்டது.