மறுமொழி: பிரெட்வால்டா – தமிழில் என்ன சொல்லலாம்?

ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம். ஆங்கிலோ-சாக்சன் இங்கிலாந்து பல சிறு நாடுகளாக இருந்த காலத்தில், மற்ற அரசர்கள்மீதும் மேலாதிக்கம் செலுத்திய அரசரைக் குறிக்கும் சொல் 'பிரெட்வால்டா'. அதற்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்ற கேள்விக்கு வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'பேரரசர்' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தவறாகப் புரியும். பேரரசர் என்றதும் மாகாணம், அதிகாரிகள், அப்பாவுக்குப் பின் பிள்ளை என்று ஓர் ஆட்சி கண்முன் வந்து நிற்கும். ஏழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நிலை வேறு.

கென்ட் அரசர் எத்தல்பெர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் எசெக்ஸ் நாட்டில் இருந்தது. அங்கே ஆண்டவர் அவருடைய சகோதரி மகன் சேபெர்ட். இருந்தும் 604-இல் மெல்லிட்டஸ் லண்டன் ஆயரானபோது, புனித பவுல் தேவாலயத்தைக் கட்டிக்கொடுத்தவர் எத்தல்பெர்ட். 616-இல் அவர் இறந்தார். அதையொட்டியே சேபெர்ட்டும் போய்ச் சேர்ந்தார். சேபெர்ட்டின் மூன்று பிள்ளைகளும் பழைய தெய்வங்களை விடாதவர்கள். 'அப்பாவுக்குக் கொடுத்த வெள்ளை ரொட்டியை எங்களுக்கும் கொடு' என்று கேட்டு, ஞானஸ்நானம் பெறாமல் தரமுடியாது என்ற ஆயரை நாட்டைவிட்டே துரத்தினார்கள். பிறகு எத்தல்பெர்ட்டின் மகன் எட்பால்ட் அந்த ஆயரைத் திரும்ப அமர்த்தப் பார்த்தார். லண்டன் மக்கள் ஏற்கவில்லை. தந்தைக்கு இருந்த பலம் மகனுக்கு இல்லை என்று, இந்த வரலாற்றை எழுதிய துறவி பீட் காரணம் சொல்கிறார். கென்ட் அரியணை மகனுக்கு வந்தது, மேலாதிக்கம் வரவில்லை. நம் சொல் இந்த வேறுபாட்டை மறைத்துவிடக் கூடாது.

> வடக்கே நார்தம்பிரியாவை ஆண்ட எட்வினின் ஆட்சி பேரரசு இல்லையா? வழியோர ஊற்றுகளில் கம்பம் நட்டு, வழிப்போக்கர் குடிக்க வெண்கலக் கிண்ணம் தொங்கவிட்டாரே?

ஆமாம், அந்தக் கிண்ணங்களை எவரும் திருடத் துணியவில்லை என்றும் பீட் எழுதுகிறார். எனக்கும் மிகப் பிடித்த இடம் அது. ஆனால் 633-இல் ஹாட்ஃபீல்டு போரில் எட்வின் விழுந்ததும் மேலாதிக்கம் மட்டுமா போனது? அவருடைய நார்தம்பிரியாவே டெய்ரா, பெர்னீசியா என்று இரண்டாகப் பிரிந்தது.

> 'திறைகொள் வேந்தர்'?

அழகான சொல். நார்தம்பிரியாவைப் பின்னர் ஆண்ட ஆஸ்வியுவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். வடக்கே இருந்த பிக்டுகள், ஸ்காட்டுகள் என்ற இனத்தாரைத் திறை கட்டவைத்தவர் அவர். ஆனால் பீட் தரும் மேலாதிக்க அரசர் பட்டியலில் முதலில் நிற்கும் சசெக்ஸின் ஏல்லே யாரிடம் திறை வாங்கினார்? சான்றே கிடையாது. அதே பட்டியலில் உள்ள கிழக்கு ஆங்கிலியா அரசர் ரெட்வால்டின் செல்வாக்கு தெரிவது போர்க்களத்தில். அடைக்கலமாக வந்த எட்வினுக்காக ஐடில் ஆற்றங்கரையில் நார்தம்பிரியாவை ஆண்ட எத்தல்ஃபிரித்தைக் கொன்று, எட்வினை அந்த அரியணையில் ஏற்றினார்.

என் பரிந்துரை 'தலைவேந்தர்'. வேந்தர் பலர், அவர்களுள் தலையாயவர் ஒருவர். கீழே இருந்தவர்களும் தத்தம் நாட்டில் முழு அரசர்களே என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சேபெர்ட்டைச் 'சிற்றரசர்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தலைவேந்தர்களின் அதிகாரத்துக்கு 'மேலாதிக்கம்' போதும். 'மேலாண்மை' இன்று மேனேஜ்மென்ட் ஆகிவிட்டது.

'பிரெட்வால்டா'வையும் தூக்கியெறிய வேண்டாம், மேற்கோளாக இருக்கட்டும். 731-இல் தம் வரலாற்றை முடித்த பீட் தம் பட்டியலில் ஏழு அரசர்களைத்தான் சொன்னார். அவர் எழுதியது லத்தீனில், இந்தச் சொல் அங்கே இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பைத் தொகுத்தவர்கள் மெர்சியாவை வென்ற வெசெக்ஸின் எக்பெர்ட்டை எட்டாமவராகச் சேர்த்தபோதுதான் இது வருகிறது. அதிலும் ஒரு கையெழுத்துப் படியில் பிரெட்வால்டா, இன்னொன்றில் பிரைட்டன்வால்டா. ஆகவே எட்வினோ அவருக்குப் பின் நார்தம்பிரியாவை ஆண்ட ஆஸ்வால்டோ சூடிய பட்டம்போல 'பிரெட்வால்டா எட்வின்' என்று தலைப்பிடுவது சரியல்ல.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹம்பர் ஆற்றுக்குத் தெற்கே எல்லா நாடுகளும் மெர்சியாவின் எத்தல்பால்டுக்கு அடங்கியிருந்தன என்று பீட்டே எழுதுகிறார். ஆனாலும் எத்தல்பால்டும், அவருக்குப் பின் வந்த ஓஃபாவும் எட்டுப் பேர் பட்டியலில் இல்லை. வெசெக்ஸ்காரர்கள் தொகுத்த பட்டியலுக்கு நாம் கட்டுப்பட வேண்டியதில்லை. எத்தல்பால்டையும் ஓஃபாவையும் தலைவேந்தர் என்றே குறிக்கலாம் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இது முடிவானால்தான் மெர்சிய அரசர் வரிசையைத் தொடங்க முடியும்.