பறப்புப் பாவனை: ‘டியூனிங்’குக்கு ஒரே சொல் போதுமா?

அல்சூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

கணினியில் விமானம் ஓட்டும் பறப்புப் பாவனை நிரலான ஃப்ளைட்கியரின் கையேட்டைத் தமிழாக்கும் வேலை விமான வடிவமைப்பு இயலுக்கு வந்திருக்கிறது. பாவனையில் பறக்கும் விமானத்தின் வேகம், ஏறும் வீதம், திரும்பும் விதம் எல்லாம் நிஜ விமானத்தைப் போல வரும்வரை கோப்பிலுள்ள எண்களை மாற்றி மாற்றிப் பார்க்கிறோம் அல்லவா, அதற்கு ஆங்கிலத்தில் ‘டியூனிங்’ என்று ஒரே சொல். அந்த இயலில் பக்கத்துக்கு நான்கு முறை வருகிறது.

இதுவரை வந்த பரிந்துரைகள்: அளவுதிருத்தம், சுருதி சேர்த்தல், மெய்யொப்பம். என் ஓட்டு முதலாவதற்கு. பள்ளிப் பாடநூல் படித்தவர்களுக்கும் பழகிய சொல். மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

ஜீவன் பீமா நகரிலிருந்து:

தம்பிக்கு வணக்கம். பாவனைப்பொறிகளோடு வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

அளவுதிருத்தம் வேண்டாம். நல்ல சொல்தான், ஆனால் அதற்கு இதே பக்கத்தில் வேறு வேலை காத்திருக்கிறது. செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானத்தின் வேகமானியில், இயல்பான பறப்பு வேகங்களைக் காட்டும் பச்சை வளைவு 48 நாட்டில் (மணிக்கு 48 கடல் மைல்) தொடங்கும். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) இறக்காமல் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்க முடியாமல் போகும் வேகம் அது. ஆனால் அதே விமானத்தின் கையேட்டில், விவரப் பக்கத்தில், அந்த ஸ்டால் வேகம் 53 நாட் என்று இருக்கும். இரண்டும் சரி. முதலாவது முள் காட்டும் வேகம். இரண்டாவது, மூக்கைத் தூக்கிப் பறக்கும்போது வேகமானி செய்யும் பிழையை நீக்கிய வேகம். அதைத்தான் அளவுதிருத்திய வேகம் என்று சொல்லியாக வேண்டும். தெரியாமல் 48ஐ எடுத்துக்கொண்டு 2550 பவுண்டு எடைக்கும் 174 சதுர அடி இறக்கைக்கும் கணக்குப் போட்டால் உச்ச ஏற்றக் கெழு (இறக்கை அதிகபட்சம் எவ்வளவு தூக்கும் என்பதற்கான எண்) 1.88 என்று வரும். 53ஐப் போட்டால் 1.54. ஃபிளாப் இறக்காத சாதாரண இறக்கைக்கு 1.88 கிடைக்காது. இந்த இடத்தில் ‘அளவுதிருத்தம்’ என்ற சொல்லை இரண்டு பொருளில் புழங்கவிட்டால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

மெய்யொப்பம் என்பதைப் பார்த்தவுடன் கையொப்பம்தான் நினைவுக்கு வருகிறது. விட்டுவிடலாம்.

சொல்லைவிட எனக்குப் பெரிய மனக்குறை வேறு. ‘டியூனிங்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று காரணத்தைத் திருத்துவது. மற்றது விளைவை மட்டும் எப்படியாவது வரவைப்பது. தமிழில் புதிதாகச் சொல் படைக்கும்போது இந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டுமா?

அதே 172எஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். முழு எடையில், கடல்மட்டத்தில், நிமிடத்துக்கு 730 அடி ஏற வேண்டும். 8500 அடியில் 75 விழுக்காடு திறனில் 124 நாட் போக வேண்டும். உங்கள் மாதிரியில் பின்னிழுவை (விமானத்தைக் காற்று பின்னுக்கு இழுக்கும் விசை) கூடிப்போய்விட்டது என்று வையுங்கள். ஏறவும் மாட்டேன் என்கிறது, ஓடவும் மாட்டேன் என்கிறது. உடனே ஒருவர் எஞ்சின் திறனைக் கூட்டுகிறார். 730 வந்துவிடுகிறது, 124உம் ஏறக்குறைய வந்துவிடுகிறது, கோப்பை வெளியிட்டுவிடுகிறார். பதிவிறக்கியவர் ஒருநாள் எஞ்சினை அணைத்துப் பார்க்கிறார். 68 நாட்டில் சறுக்கினால் ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் ஒன்றரை கடல் மைல் போக வேண்டிய விமானம், ஒரு மைல் தாண்டுவதற்குள் வயலில் உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு தப்பு ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தது, எஞ்சின் நின்றதும் ஒன்று மட்டும் தனியாக மாட்டிக்கொண்டது.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே அருமையான சொல் இருக்கிறது: சரிக்கட்டுதல். கணக்குப்பிள்ளை செய்வது அதுதானே? கூட்டல் சரியாக வரும், பெட்டியில் பணம் இருக்காது.

உண்மையான வேலையைச் செய்ய நினைப்பவர் எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே பாதிக் கணக்கை முடித்துவிடுவார். எடை, ஈர்ப்பு மையம், இறக்கைப் பரப்பு, அப்புறம் ஸ்டால், அப்புறம் சறுக்கல். சறுக்கலில் எஞ்சின் இல்லாததால் பின்னிழுவை தன் உண்மை முகத்தைக் காட்டிவிடும். 2550 பவுண்டை நிமிடத்துக்கு 730 அடி தூக்க 56 குதிரைத்திறன் வேண்டும் (இரண்டையும் பெருக்கி, 33000ஆல் வகுத்தால் போதும்). 68 நாட்டில் சறுக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 750 அடி இறங்குகிறது, ஆகவே பின்னிழுவை தின்பது 58. கூட்டினால் 114. 180 குதிரைத்திறன் எஞ்சின் ஏற்றத்தின்போது புரொப்பெல்லர் வழியாக உருப்படியாகத் தருவது ஏறக்குறைய அவ்வளவுதான். ஏறும் வேகம் 74 நாட், சறுக்கும் வேகம் 68. சும்மா சுழலும் புரொப்பெல்லரும் கொஞ்சம் இழுக்கும். அதனால் இது துல்லியக் கணக்கு இல்லை. ஆனால் உங்கள் மாதிரியில் இந்தக் கூட்டுத்தொகை 150 என்று வந்தால் எங்கோ யாரோ சரிக்கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

சொல்லுக்கு வருகிறேன். சுருதி சேர்த்தல் என்று சொன்னவரின் மனம் எனக்குப் புரிகிறது. வெளியே ஒரு தம்பூரா ஒலித்துக்கொண்டிருக்கிறது, அதற்கு நம் கம்பி இணங்க வேண்டும். அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு கச்சேரியை மட்டும் கழித்துவிட்டால் இசைவித்தல் கிடைக்கிறது. இசைதல் என்றால் உடன்படுதலும்தான். விமானத்தை அதன் மெய்விமானத்துக்கு இசைவிக்கிறோம். வேலைக்குப் பெயர் இசைவிப்பு. முடிவில் கிடைக்கும் ஒற்றுமைக்கு மெய்யிசைவு.

சிவாஜி நகரிலிருந்து:

ஐயா சொல்றது எல்லாம் சரி, ஆனா வீட்ல பாவனை ஓட்டுற எங்களுக்கு ‘டியூன் பண்றது’ன்னாதான் புரியும். அதை அப்படியே வெச்சா என்ன குறை? ‘இசைவு’ன்னா எனக்கு ஆஸ்பத்திரி ஆபரேஷன் படிவத்துல கையெழுத்துப் போடுறதுதான் ஞாபகம் வருது.

இன்னொண்ணு. சரிக்கட்டல்னு கேவலமா சொல்லிட்டீங்க. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்ல விமானத்தோட கோப்பிலேயே அதுக்குன்னு ஒரு பகுதி வெச்சிருக்காங்க: பின்னிழுவைக்கு ஒரு பெருக்கி, தூண்டப்பட்ட இழுவைக்கு (இறக்கை தூக்குறதால வர்ற இழுவை) ஒரு பெருக்கி, மூக்கை ஏத்தி இறக்குற எலிவேட்டருக்கு ஒரு பெருக்கி. 1ன்னு இருக்கும், 1.1ன்னு மாத்தினா பத்து விழுக்காடு கூடும். அவங்களே குடுத்ததைத் திருகுறது எப்படித் தப்பாகும்?

நானும் நேத்து 172எஸ்ஸை நம்ம பெங்களூரு ஜாக்கூர் விமானதளத்துல வெச்சு ஏத்திப் பார்த்தேன். மத்தியானம், நல்ல வெயில், இப்ப இருக்கிற வானிலையையே எடுத்துக்கிற மாதிரி வெச்சிருந்தேன். நிமிஷத்துக்கு 470தான் வருது. 730 எங்க? எஞ்சின் பெருக்கியை எவ்வளவு ஏத்தணும்னு யாராவது சொல்லுங்க.

ஜாக்கூரிலிருந்து:

தம்பி, ஒன்றும் ஏற்றாதே! உன் விமானம் சரியாகத்தான் பறக்கிறது.

ஜாக்கூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி. அந்த உயரத்துக்குத் தர வெப்பநிலை (கணக்குக்கு வைத்துக்கொள்ளும் இயல்பு வெப்பநிலை) 9 பாகை செல்சியஸ். வெளியே 32 என்றால் 23 பாகை கூடுதல். பாகைக்கு 120 அடி என்று போட்டால் காற்றின் அடர்த்தி 5700 அடிக்கு மேலே இருப்பதுபோல ஆகிவிடும். அங்கே 172எஸ் நிமிடத்துக்கு 470 அடி ஏறினால் கையேட்டிலிருந்து ரொம்பத் தள்ளி இல்லை. இங்கே நிஜமாகப் பயிற்சி எடுப்பவர்கள் மத்தியான வெயிலில் இரண்டு பேரோடு ஏறும்போது ஓடுபாதை நீள்வதை உடம்பாலேயே அறிவார்கள். நீ எஞ்சினைத் திருகி 730 வரவைத்திருந்தால், அதே விமானம் சென்னைக்குப் போனதும் ராக்கெட் மாதிரி ஏறியிருக்கும். சோதனையைக் கடல்மட்டத்தில், 15 பாகையில், காற்றில்லாமல் வைத்துப் பார். பிறகு ஜாக்கூருக்கு வா.

பெருக்கிகளைப் பற்றி: திருகுவது தப்பில்லை, எதைப் பார்த்துத் திருகுகிறாய் என்பதுதான் கேள்வி. சறுக்கலைப் பார்த்துப் பின்னிழுவைப் பெருக்கியைத் திருகினால் இசைவிப்பு. ஏறும் வீதத்தைப் பார்த்து அதையே திருகினால் பெரும்பாலும் சரிக்கட்டல். ஒரே திருகாணிதான்.

ஐயாவிடம் எனக்கு ஒரு குறை. எண்களைப் பற்றியே பேசிவிட்டீர்கள். ஏறுவதும் ஓடுவதும் எண். கையில் எப்படி இருக்கிறது என்பது? எய்லரானை (இறக்கை நுனி மடல்) வலப்பக்கம் சாய்த்தால் மூக்கு முதலில் இடப்பக்கம் விலகப் பார்க்கும், காலால் ரட்டரை (வால் சுக்கான்) மிதித்துச் சரிசெய்ய வேண்டும். முழுத் திறன் கொடுத்து ஏறும்போது இடப்பக்கம் இழுக்கும். இவை இல்லாத 172ஐ நான் பறக்க மாட்டேன், எவ்வளவு நாட் வந்தாலும் சரி. ஆங்கிலத்தில் இதை ‘ஹேண்ட்லிங்’ என்கிறார்கள். கைவாகு என்று சொல்லலாமா? எங்கள் வீட்டில் அரிவாள்மணைக்குச் சொல்வோம், ‘கைவாகா இருக்கு’ என்று.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிஜ விமானத்தில் வேகம் கூடக்கூடக் கைப்பிடி கனக்கும். டிரிம் சக்கரத்தைச் சுற்றினால் அந்தக் கனம் போய்விடும். மேஜைமேல் இருக்கும் ஜாய்ஸ்டிக்கில் ஒரே ஸ்பிரிங், 60 நாட்டிலும் 120 நாட்டிலும் ஒரே கனம். அதனால் ‘மூக்கு ரொம்பத் துள்ளுகிறது’ என்று யாராவது சொன்னால், அது விமானத்தின் குறையா, ஜாய்ஸ்டிக் எவ்வளவு அசைந்தால் எவ்வளவு விளைவு என்று வைக்கும் உணர்வு வளைகோட்டின் குறையா என்று முதலில் பிரிக்க வேண்டும். பலர் ஸ்பிரிங்கின் பாவத்தை எலிவேட்டர்மேல் ஏற்றுகிறார்கள். ஜாய்ஸ்டிக்கைத் திருத்துவதை இசைவிப்பு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அதற்கு ‘அமைப்பு’ போதும்.

அல்சூரிலிருந்து:

கைவாகு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே தயக்கம், அது நல்லதை மட்டும் குறிக்கும் சொல் இல்லையா? கைவாகு மோசம் என்று சொல்ல முடியுமா? ‘கையாளுமை’ பாதுகாப்பானதாகத் தோன்றுகிறது.

ஜாக்கூரிலிருந்து:

உடல்வாகு என்கிறோமே, நல்ல உடம்புக்கு மட்டுமா சொல்கிறோம்? கையாளுமை என்றதும் அரசு அலுவலகக் கோப்பு கண்முன் வருகிறது.

ஜீவன் பீமா நகரிலிருந்து:

அக்கா சொன்னதை ஏற்கிறேன். பயிற்சிக்கான முழுப் பாவனைப்பொறிகளிலும் இந்தப் பிரிவு உண்டு. தகுதிச் சோதனைக் கோப்பில் பறப்புத் தரவோடு வைத்து ஒப்பிடும் சோதனைகள் ஒருபுறம், விமானி உட்கார்ந்து ஓட்டிச் சொல்லும் தீர்ப்பு ஒருபுறம். முதல் வகையில் எல்லாவற்றுக்கும் எல்லை எழுதியிருக்கும்: எல்லா எஞ்சினும் இயங்கும் சாதாரண ஏற்றத்தில் வேகம் 3 நாட்டுக்குள், ஏறும் வீதம் நிமிடத்துக்கு 100 அடி அல்லது 5 விழுக்காட்டுக்குள். ஆகவே மெய்யிசைவு என்று எழுதும்போதெல்லாம் எதனோடு, எவ்வளவுக்குள் என்பதையும் எழுதும் பழக்கம் கையேட்டில் வர வேண்டும். ‘இது ரொம்ப ரியலா இருக்கு’ என்பது எனக்கு ஒன்றையும் சொல்வதில்லை.

கைவாகிலும் கடிகாரத்தால் அளக்கக்கூடியவை உண்டு. டிரிம் செய்து, கைப்பிடியைச் சற்று இழுத்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். விமானம் மெல்ல ஏறி இறங்கி ஏறி இறங்கி அலையும். அதன் ஒரு சுற்றுக்கான நேரம் பத்து விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும் என்பதும் அந்தச் சோதனைகளில் ஒன்று. பிரிட்டிஷ் பொறியாளர் லான்செஸ்டரின் எளிய சூத்திரப்படி 100 நாட்டில் ஒரு சுற்றுக்குச் சுமார் 23 நொடி. 8 நொடி என்று வந்தால் நீங்கள் அளந்தது வேறு எதையோ.

இந்த அலைவுக்கு 1908இல் ‘ஃபியூகாய்டு’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பறப்பு என்று நினைத்து எடுத்த கிரேக்க வேர், உண்மையில் தப்பி ஓடுவதைக் குறிப்பது. நூறாண்டுக்கு மேலாக உலகமே அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாம் இங்கே ஓரெழுத்துக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும்.

சிவாஜி நகர்த் தம்பிக்கு: பேச்சில் டியூன் என்றே சொல்லுங்கள், யார் தடுத்தது? ஆனால் கையேட்டில் இரண்டு வேலைக்கு இரண்டு பெயர் இருக்கட்டும். ஆஸ்பத்திரிப் படிவத்தில் வருவது இசைவு, நாம் எழுதுவது இசைவிப்பு.

சிவாஜி நகரிலிருந்து:

கடல்மட்டத்துல வெச்சுப் பார்த்தேன். 720. எஞ்சினைத் தொடலை. அக்காவுக்கு நன்றி.

சறுக்கல்தான் கொஞ்சம் கம்மியா இருக்கு, பின்னிழுவைப் பெருக்கியைத்தான் பார்க்கணும். இசைவிக்கிறேன், போதுமா ஐயா?

அல்சூரிலிருந்து:

சொற்பட்டியலில் ஏற்றியவை: இசைவித்தல், இசைவிப்பு, மெய்யிசைவு, சரிக்கட்டல். அளவுதிருத்தம் வேகத்துக்கும் கருவிகளுக்கும் மட்டும். கைவாகு, கையாளுமை இரண்டையும் இப்போதைக்குச் சேர்த்தே போட்டிருக்கிறேன், கைவாகு முதலில்.

இயலின் தொடக்க வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘எடை, ஈர்ப்பு மையம், ஸ்டால், சறுக்கல் ஆகியவற்றை மெய்விமானத்துக்கு இசைவித்த பிறகே எஞ்சின் திறனைத் தொடவும்; கைவாகை அதற்குப் பின் பார்க்கவும்.’ ஃபியூகாய்டுக்குத் தனி இழை திறக்கிறேன். ‘நெட்டலைவு’ என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருக்கிறார், அங்கே பேசலாம்.