புது வீட்டில் பீரோவுக்குப் பின்னால் ஒளியும் பூனை: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அண்மையில் வீடு மாறினோம். நாய்க்குக் கவலையே இல்லை. நாங்கள் இருக்கும் இடம்தான் அதற்கு வீடு. பூனைதான் பீரோவுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, இரவில் மட்டும் வந்து கொஞ்சம் சாப்பிடுகிறது. இப்போதைக்கு ஒரே அறையில் விட்டு, துவைக்காத பழைய போர்வை, மணல் தட்டு, தண்ணீர் எல்லாம் வைத்திருக்கிறோம். வலுவில் இழுப்பதில்லை; பயம்தான் கூடும். பட்டினி ஓரிரு நாள் நீடித்தாலே பூனையின் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்பதால் சாப்பாட்டுத் தட்டின் மீதே என் கண் இருக்கிறது.

மற்ற அறைகளை எப்போது திறந்துவிடலாம்? வெளியே உலாவிப் பழகிய பூனை இது. பழைய வீட்டைத் தேடி ஓடிவிடாமலிருக்க எத்தனை வாரம் உள்ளேயே வைத்திருந்தீர்கள்? பூனையை அமைதிப்படுத்தும் வேதிப்பொருளைக் காற்றில் பரப்பும் ஃபெரோமோன் கருவி யாருக்காவது பலன் தந்ததா? “தானாகச் சரியாகிவிடும்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை வீட்டிலேயே நிறையக் கேட்டுவிட்டேன்.