எரிந்த பழங்காடு: கறுப்பு வெள்ளையா, வண்ணமா?

கரித்தடம்: காட்டுத்தீ போன பழங்காட்டைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கணும். கரிந்த பட்டை, வெள்ளைச் சாம்பல், வேறென்ன இருக்கு அங்கே? முதல் மழைக்கு முன்னாடி போயிடுங்க, மழை விழுந்தால் சாம்பல் சேறாகிடும். கரிமரம் ஃபிரேமை அடைத்தால் கேமராவின் ஒளிமீட்டர் அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை ஒன்றரை ஸ்டாப் இறக்குங்க (ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதி).

துளிர்: கேமராவே பதப்படுத்தித் தரும் ஜேபெக் படம் எடுப்பவருக்குத்தான் அது சரி. பதப்படுத்தாத ரா (RAW) கோப்பில் இறக்கினால் கரியின் வெடிப்பெல்லாம் நாய்ஸ் என்ற புள்ளிப்புள்ளியான இரைச்சலில் மூழ்கிடும். சாம்பலும் வானமும் வெளுக்காத மட்டும் ஏற்றி எடுங்க, கணினியில் இறக்கிக்கலாம்.

வேறென்ன இருக்குன்னு கேட்டீங்க. கலிஃபோர்னியாவின் பிக் பேசின் பூங்கா 2020 ஆகஸ்டில் கிட்டத்தட்ட முழுசா எரிந்தது. ரெட்வுட் மரங்களின் தடித்த பட்டைக்குள் உறங்கிக்கிடந்த மொட்டுகள் பிழைத்தன. கரிக்கம்பமா நின்ற அடிமரத்தில் கீழிருந்து மேல்வரை, பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி பச்சைத்துளிர். அதைக் கறுப்பு வெள்ளையாக்கினால் உயிருள்ள மரம் பிணமாத் தெரியும். அது பொய்.

கரித்தடம்: கணினியில் கறுப்பு வெள்ளையாக்கும்போது பச்சை நிறத்துக்கான ஸ்லைடரை ஏற்றினால் துளிர் தனியா வெளுத்து நிற்குமே.

துளிர்: நிற்காது. இளந்துளிரின் நிறம் பெரும்பாலும் மஞ்சள் ஸ்லைடரில்தான் விழும். அதை ஏற்றினால் வெந்து பழுத்த ஊசியிலையும் கூடவே ஏறும், இரண்டும் ஒரே சாம்பல் நிறம். வண்ணத்தில் எடுப்பதானால், கேமரா தானாக நிறத்தைச் சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் வேண்டாம். பழுப்பு இலை நிறைந்த காட்சியில் அது நீலத்தைக் கூட்டிடும். பகல் வெளிச்சத்தில் ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் நிறுத்துங்க.

கரித்தடம்: ரெட்வுட்டுக்கு ஒத்துக்கறேன். அதன் உறவுமரமான ஜயண்ட் சீக்வோயா அப்படி இல்லையே? உச்சி முழுக்கக் கருகிய பெரிய மரம் பெரும்பாலும் மீளாது. 2020-ல் கலிஃபோர்னியாவில் எரிந்த கேசில் காட்டுத்தீயில் மட்டும் சியரா நெவாடா மலைத்தொடரின் பெரிய சீக்வோயாக்களில் 10 முதல் 14 விழுக்காடு போனதா மதிப்பீடு. அங்கே சாவுதான் உண்மை, கறுப்பு வெள்ளை அதை மறைக்காது.

துளிர்: நிமிர்ந்து பார்த்தால் சாவு. சூட்டில் கூம்பு திறந்து விதை கொட்டியிருக்கும், அடுத்த வசந்தத்தில் குனிந்து பாருங்க: சாம்பலில் விரல் நகம் உயர நாற்றுகள். நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸோடு மண்டியிடணும், கால் வைக்குமுன் தரையைப் பார்க்கணும்.

முக்காலி: எந்த நிறமானாலும் மழைக்கு முன் ஓடாதீங்க. வேர் எரிந்த இடத்தில் மேலே சாம்பல் சமதரையாத் தெரியும், கீழே முழங்கால் ஆழக் குழி, அதில் வாரக்கணக்கில் தணல். கோலால் குத்திப் பார்த்து நடங்க. செத்த மரம் காற்றில்லாமலும் விழும். உயரத்தில் ஒன்றரை மடங்காவது தள்ளி நில்லுங்க. பூங்கா அதிகாரிகள் திறக்காத பாதைக்குள் போகவே கூடாது. உள்ளே லென்ஸ் மாற்றாதீங்க. கண்ணாடியில் படிந்த சாம்பலைத் துணியால் தேய்த்தால் கீறல் விழும், முதலில் ஊதுபந்தால் ஊதுங்க.

கரித்தடம்: தணல் விஷயம் சரி, முதல் மழை முடிந்தே போகலாம். ஆனால் சீக்வோயா தோப்பில் என் படம் கறுப்பு வெள்ளைதான்.

துளிர்: அப்போ ரா கோப்பை அழிக்காதீங்க. அதே இடம், அதே ஃபோகல் லெங்த், அதே முக்காலி உயரம் குறித்து வைத்து அடுத்த வருஷமும் எடுங்க. இரண்டையும் வண்ணத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துட்டுச் சொல்லுங்க.