டிக்கெட் பணம் வந்துவிட்டது, அதோடு கணக்கு முடிந்ததா?

தண்டையார்பேட்டைக்காரன்:
தங்கச்சிக்குத் தூத்துக்குடியில் வளைகாப்பு. அன்று காலை 6 மணி விமானத்தில் எனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட். முந்தின இரவு 11 மணிக்குக் குறுஞ்செய்தி வருகிறது, ‘செயல்பாட்டுக் காரணங்களால் ரத்து’ என்று. 11,500 ரூபாய்க்கு வாடகை கார் பிடித்து ராத்திரியோடு ராத்திரியாக ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது வளையல் அடுக்கி முடித்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். இழப்பீடு கேட்டால் ‘டிக்கெட் பணத்தை முழுசாகத் திருப்பிவிட்டோமே’ என்கிறார்கள். நான் விடுவதாக இல்லை. என்ன சொல்கிறீர்கள்?

காசிமேடு வாசி:
தம்பி, அம்மாவை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விட்டுவிடுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இழப்பீட்டு விதியையே பாருங்கள். 1 மணி நேரத்துக்கு மேல் 2 மணி நேரம் வரையான பயணத்துக்கு 7,500 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அதுதான். உங்களுக்கு அந்த இரண்டு கட்டணமும் சேர்ந்து 3,000 என்றால் தலைக்கு 3,000தான். ஒரு கூரியர் வழக்குக்காக நான் ஒன்றரை வருஷம் அலைந்தவன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போனது.

பெரம்பூர் அக்கா:
அண்ணா, தொகை நீங்கள் சொன்னபடிதான். ஆனால் அது திருப்பித் தந்த டிக்கெட் பணத்துக்கு மேல் தர வேண்டிய தொகை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசித்தான் நிறையப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். புறப்பட 24 மணி நேரம்கூட இல்லாதபோது சொல்லியிருக்கிறார்கள். அந்த நிலையில் இழப்பீடு உண்டு, அவர்கள் கைமீறிய காரணம் இருந்தால் ஒழிய.

திருவொற்றியூர் மெட்ரோ:
நான் விமான நிலையத்தில் கவுன்ட்டரில் நிற்பவன். அந்த ‘கைமீறிய காரணம்’ சின்ன விஷயம் இல்லை அக்கா. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஓடுபாதையே தண்ணீரில் நின்றது. அதற்கெல்லாம் இழப்பீடு கேட்டு எங்கள் சட்டையைப் பிடித்தார்கள். முடிவெடுப்பது மேலே இருப்பவர்கள், வசவு வாங்குவது நாங்கள். எல்லாவற்றுக்கும் பணம் என்று போனால் டிக்கெட் விலைதான் ஏறும்.

பெரம்பூர் அக்கா:
புயலுக்கு யாரும் கேட்கக் கூடாது, உங்களைத் திட்டியதும் தப்பு. ஆனால் அந்த இரவு தூத்துக்குடியில் மழையா, புயலா? ‘செயல்பாட்டுக் காரணம்’ என்றால் என்ன? விமானி இல்லையா, விமானம் பழுதா, இருக்கை நிரம்பவில்லையா? அதை எழுத்தில் கேட்க வேண்டும். விதிவிலக்கு கேட்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது என் கட்சி.

தம்பி, முதலில் விமான நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சல் போடுங்கள். அப்புறம் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார். அதிலும் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், வடசென்னைக்குத் தனி மாவட்ட ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கார் வாடகையையும் மன உளைச்சலையும் அங்கேதான் கேட்க முடியும். 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

காசிமேடு வாசி:
கேட்கலாம், கொடுப்பார்களா என்பது வேறு. மின்னஞ்சல், ஏர்சேவா வரைக்கும் சரி, அதற்கு நாள் வீணாகாது. ஆணையம் வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை.

தண்டையார்பேட்டைக்காரன்:
அண்ணா, பணம் 3,000 வந்தாலும் சரி. அம்மா அந்தப் புடவையை மடித்து வைத்தவர் இன்னும் எடுக்கவில்லை. ரத்து செய்தி, கார் ரசீது இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. இன்றைக்கே காரணம் கேட்டு எழுதுகிறேன். அக்கா, ஆணையம் வரை போனால் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டுமா?

பெரம்பூர் அக்கா:
அவர் பெயரிலும் டிக்கெட் இருக்கிறதே. மனுவில் அவரையும் சேர்த்துவிடுங்கள்.